போக்குக் காட்டுவதா, ஏமாற்றுவதா? ட்விலைட் ஸோன் திருப்பங்கள் பற்றி

மார்ச் 2, இரவு 9.15 (இழையைத் தொடங்கிய வாசகரின் கேள்வி)

எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று ட்விலைட் ஸோன் என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்க்க ஆரம்பித்தேன், எபிசோடுக்கு ஒரு தனிக் கதை. பாதிக்கு மேல் கடைசி ட்விஸ்ட் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. ஆளே இல்லாத ஊர் என்றால் எல்லாம் பிரமை. விண்கலம் கிளம்பினால் கடைசியில் பூமி. இதைத்தான் மேதைமை என்கிறார்களா? அறுபது வருஷத்துக்கு முந்தைய ஜனங்கள் அவ்வளவு ஏமாளிகளா, இல்லை நான் எதையாவது கவனிக்காமல் விடுகிறேனா?

மார்ச் 2, இரவு 11.40

ஏமாளிகள் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை, அரைமணி நேரம், நடுவில் விளம்பரம். நிறுத்திப் பார்க்க முடியாது, பின்னால் ஓட்டவும் முடியாது. நாமோ அந்தக் கதைகளை நகலெடுத்த நூறு படங்களைப் பார்த்துவிட்டு மூலத்துக்கு வந்திருக்கிறோம். போதாக்குறைக்கு, நம் வாரப் பத்திரிகைகளின் ஒரு பக்கக் கதைகளைப் படித்து வளர்ந்தவனுக்கு, கடைசி வரி எங்கே திரும்பும் என்று மூக்கு வேர்த்துவிடும்.

ஆளில்லாத ஊர் கதையை வைத்து முடிவு கட்டாதீர்கள். 1959 அக்டோபர் 2 அன்று ஒளிபரப்பான முதல் எபிசோட் அது. விண்வெளிப் பயிற்சிக்காகத் தனிமைப் பெட்டிக்குள் அடைக்கப்பட்ட ஒருவனின் மூளை கற்பனை செய்த ஊர் என்று முடிகிறது. தொடரை உருவாக்கி, இதையும் எழுதிய ராட் செர்லிங்குக்கே திருப்தி இல்லை போலிருக்கிறது. பிறகு அதைச் சிறுகதையாக எழுதியபோது, வெளியே வந்தவனின் சட்டைப் பையில் அந்த ஊர் சினிமாக் கொட்டகையின் டிக்கெட் இருப்பதாகச் சேர்த்தார். எனக்கு அது ஒட்டுப் போட்ட மாதிரிதான் படுகிறது.

'ஐ ஆஃப் த பிஹோல்டர்' பார்த்தீர்களா? 1960 நவம்பர். முகம் முழுக்கக் கட்டுப் போட்ட பெண், ஆஸ்பத்திரி, கட்டைப் பிரிக்கப் போகிறார்கள். அறுவை சிகிச்சை பலித்ததா, முகம் சரியாயிற்றா? இதுதான் நம் மனதில் ஓடும் கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வரை, டாக்டரின் முகத்தையும் நர்ஸின் முகத்தையும் ஒரு தடவைகூடக் காட்டவில்லையே என்ற இன்னொரு கேள்வி தோன்றுவதே இல்லை. விடையை எங்கும் ஒளித்து வைக்கவில்லை, கண் முன்னால்தான் இருக்கிறது. நம் கையில் வேறு கேள்வியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போக்குக் காட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

மார்ச் 3, காலை

ஸ்பாய்லர் எச்சரிக்கை போடவில்லை என்று தனிமடலில் திட்டு. 1960-இல் ஒளிபரப்பானதற்கு எச்சரிக்கை கேட்பவர், கர்ணன் யார் பிள்ளை என்று சொல்வதற்கும் கேட்பார். சரி, போட்டாயிற்று: இங்கிருந்து கீழே எல்லா முடிவுகளும் போட்டு உடைக்கப்படும்.

மார்ச் 3, இரவு 10.20

"முகத்தைக் காட்டாததை நான் உடனே கவனித்துவிட்டேன், அப்புறம் என்ன?" என்கிறார் ஒருவர். நியாயம். என் அக்கா பையனும் இப்படித்தான். பர்மா பஜாரில் எப்போதோ வாங்கிய டிவிடியில் இதைப் போட்டுக் காட்டினேன். கல்லூரி படிக்கிற பையன், பாதி கண் போனில். விளம்பர இடைவெளி வருகிற இடத்துக்கு முன்பே, "மாமா, டாக்டர் மூஞ்சிய ஏன் காட்ட மாட்டேங்கிறாங்க? எல்லாம் ஏலியனா?" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை.

கட்டு பிரிந்தது. அவள் அழகி. மற்றவர்கள் எல்லாருக்கும் பன்றி மூக்கும் கோணல் வாயும். பையன் போனைக் கீழே வைத்துவிட்டு, "முதல்லேர்ந்து போடு" என்றான். பாதி ஊகித்தவன் அவன். ஆனாலும் எப்படி மறைத்தார்கள் என்று பார்க்கத்தான் மறுபடி கேட்டான்.

இரண்டாவது தடவையில்தான் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் கிளெமென்ஸின் வேலை தெரிகிறது. ஒருவர் திரும்பப் போகும்போது குறுக்கே இன்னொருவர் வருகிறார். சிகரெட் பற்ற வைத்தாலும் முகம் நிழலில்தான். எதுவுமே வலிந்து செய்ததாகத் தெரியாது, ராத்திரி நேர ஆஸ்பத்திரி அப்படித்தானே இருக்கும் என்று விட்டுவிடுவோம். அப்புறம் குரல்கள். இயக்குநர் டக்ளஸ் ஹேயஸ் நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு எடுத்தாராம். அத்தனை பேருக்கும் கனிவான, மனிதத்தனமான குரல். காதால் நம்பிவிடுகிறோம், கண் அதன் பின்னால் போகிறது. கட்டுக்குள் இருந்தது மாக்சின் ஸ்டுவர்ட் என்ற நடிகை, கட்டு பிரிந்தபின் வருவது டோனா டக்ளஸ். அதுவும் ஒரு போக்குத்தான்.

மார்ச் 4, மதியம்

அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம், சுருக்கமாக. 'டு செர்வ் மேன்' பற்றி ஏன் பேசவில்லை என்று மூன்று பேர். 'செர்வ்' என்றால் சேவை செய்வதும் உண்டு, உணவாகப் பரிமாறுவதும் உண்டு; அந்த ஒரே ஒரு சிலேடையில் நிற்கிற கதை. தெரிந்தபின் மறுபடி பார்க்க, வேற்றுக்கிரகத்தானாக வரும் ரிச்சர்ட் கீலின் உயரம்தான் மிச்சம். விரும்புகிறவர்கள் விரும்பட்டும்.

மார்ச் 4, இரவு 11.05

'தி இன்வேடர்ஸ்', 1961 ஜனவரி. ரிச்சர்ட் மாதிசன் எழுதியது. ஒதுக்குப்புறமான குடிசையில் தனியாக ஒரு கிழவி. ஆக்னஸ் மூர்ஹெட் நடித்திருக்கிறார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமல். கூரை மேல் சின்ன வட்டக் கலம் இறங்குகிறது, உள்ளங்கை உயர ஜந்துக்கள் இரண்டு அவளைச் சுடுகின்றன, கத்தியால் குத்துகின்றன. அவள் ஒன்றை அடித்துக் கொன்று, கோடாலியோடு கூரைக்கு ஏறிக் கலத்தையும் பிளக்கிறாள். அப்போதுதான் கலத்துக்குள்ளிருந்து மனிதக் குரல், ஆங்கிலத்தில். அமெரிக்க விமானப் படை என்ற எழுத்து. வந்தவர்கள் நாம். அவள்தான் வேற்றுக் கிரகத்து ராட்சசி.

தொடக்கத்தில் அறிமுக உரையாக செர்லிங் சொல்வதை மறுபடி கேளுங்கள். யாரும் எட்டிப் பார்க்காத இடம், மின்சாரம் இல்லாத வீடு, பல வருஷம் தனியாக இருந்த பெண் என்கிறார். அத்தனையும் உண்மை. பூமி என்று மட்டும் சொல்லவில்லை. பொய் சொல்லாமல் தப்பாக நினைக்க வைப்பது ஒரு கலை, வக்கீல்களுக்குத் தெரியும்.

இந்தத் திருப்பத்தின் பலமே அந்த இருபது நிமிடம்தான். அவளோடு சேர்ந்து பயந்திருக்கிறோம், அந்த ஜந்து செத்தபோது நிம்மதியாக மூச்சு விட்டிருக்கிறோம். செத்தது நம் ஆள். வெறும் தகவல் மாறினால் "ஓஹோ" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். யார் பக்கம் நின்றோம் என்பதே மாறும்போது அப்படிப் போக முடியாது.

(பறக்கும் தட்டு எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? 1956-இல் வந்த 'ஃபர்பிடன் பிளானட்' படத்துக்காக எம்ஜிஎம் செய்த கலம். ட்விலைட் ஸோன் அந்த ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. பழைய பொருளைத் தட்டித் துடைத்து அடிக்கடி பயன்படுத்துவார்கள்.)

மார்ச் 5, இரவு 9.50

எல்லாவற்றையும் செர்லிங் கணக்கில் எழுதுகிறோம். 156 எபிசோடில் 92 அவர் எழுதியவை, மலைக்க வைக்கிற எண்ணிக்கைதான். ஆனால் நேற்றிலிருந்து இயக்குநர் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 'ஐ ஆஃப் த பிஹோல்டர்' செர்லிங் எழுதியது, 'இன்வேடர்ஸ்' மாதிசன், 'தி ஹவ்லிங் மேன்' சார்ல்ஸ் போமாண்ட். மூன்று எழுத்தாளர்கள், இயக்குநர் ஒருவரே: டக்ளஸ் ஹேயஸ். கடைப் பொம்மை கதையான 'தி ஆஃப்டர் அவர்ஸ்' கூட அவர்தான். 'இன்வேடர்ஸ்' கலத்துக்குள் கேட்கும் அந்தக் குரலும் அவருடையதே. எதைக் காட்ட வேண்டாம் என்று முடிவெடுக்கிற கை ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

'ஹவ்லிங் மேன்' எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் நடைப் பயணம் போகிற ஓர் அமெரிக்கன், மழையில் ஒரு மடத்தில் ஒதுங்குகிறான். அறைக்குள் அடைக்கப்பட்ட மனிதன் ஓலமிடுகிறான். தலைமைத் துறவி ஜான் கராடைன். தாடி, கோல், இடிபோலக் குரல். "அவன் சாத்தான்" என்கிறார். யார் நம்புவார்கள்? அடைபட்டவன் சாந்தமாக, நியாயமாகப் பேசுகிறான். துறவிக்குப் பித்துப் பிடித்திருக்கிறது என்று நாமும் முடிவு செய்கிறோம். தாழ்ப்பாளை எடுத்ததும் அவன் தூண்களுக்குப் பின்னால் நடந்து போகிறான். ஒவ்வொரு தூணைத் தாண்டும்போதும் முகம் கொஞ்சம் மாறியிருக்கிறது.

உண்மையை ஆரம்பத்திலேயே பச்சையாகச் சொல்லிவிட்டார்கள். சொன்ன ஆளை நம்பத் தகாதவராகக் காட்டியதோடு அவர்கள் வேலை முடிந்தது, மீதியை நாமே செய்துகொண்டோம். சாத்தானை முழுசாகக் காட்ட வேண்டாம் என்பது போமாண்டின் எண்ணம், ஹேயஸ் கேட்கவில்லை. கொம்போடு நிற்கும் உருவத்தைப் பார்த்தால் எழுத்தாளர் சொன்னதுதான் சரி. தூண்களுக்காக இயக்குநரை மன்னிக்கலாம்.

கடைசியில் அதே அமெரிக்கன் வயதாகி, சாத்தானை மறுபடி பிடித்து அலமாரிக்குள் பூட்டி, வேலைக்காரப் பெண்ணிடம் "எக்காரணம் கொண்டும் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் பேசுவது இப்போது துறவி பேசிய மாதிரியே இருக்கிறது. திறக்காமல் இருப்பாளா?

மார்ச் 6, இரவு

"கனவு என்று முடித்தால் மோசடி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதே கட்சிதான் நான். இத்தனை நேரம் பட்ட கவலையைத் திருப்பித் தராமல் கடையை மூடுவது அது.

ஆனால் 'தி மிட்நைட் சன்' என்ன செய்வது? பூமி சூரியனை நோக்கி விழுகிறது, ஊரெல்லாம் வேகிறது, ஓவியம் உருகி வழிகிறது. அந்தப் பெண் கண் விழித்தால் காய்ச்சல், எல்லாம் கனவு. சன்னலுக்கு வெளியே பனி. பூமி சூரியனை விட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. கனவு இங்கே யாரையும் காப்பாற்றவில்லை, சாவின் திசையை மட்டும் மாற்றியது. இதை மோசடிக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை.

இழையைத் தொடங்கியவர் கிண்டலடித்த "கடைசியில் பூமி" கதைக்கும் ஒரு வார்த்தை. 'தேர்ட் ஃப்ரம் த சன்', சூரியனிலிருந்து மூன்றாவது. அணுப் போருக்கு முந்தின நாள் இரண்டு குடும்பங்கள் விண்கலம் திருடித் தப்பிக்கின்றன, போகிற இடத்தின் பெயர் பூமி. தலைப்பிலேயே விடையை எழுதி வைத்துவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். கேமரா முழுக்கச் சாய்ந்த கோணம், வீட்டுப் பொருள்கள் ஏதோ ஒரு மாதிரி. பயத்தைக் காட்டத்தான் கோணம் சாய்ந்திருக்கிறது என்று நினைக்கிறோம். ஊரே நம் ஊர் இல்லை.

மார்ச் 8, மாலை

இழை ஹிட்ச்காக் பக்கம் ஓடிவிட்டது, நல்லது. சினிமா இயக்குநர் ஹிட்ச்காக்கின் தொலைக்காட்சித் தொடரான 'ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் பிரசென்ட்ஸ்' தொடங்கியதும் ஓர் அக்டோபர் 2, 1955-இல். ஒரு திருத்தம்: எல்லாமே அவர் இயக்கியவை இல்லை. அரைமணி எபிசோடுகள் 268, அவர் இயக்கியவை 17. ஆள் முன்னால் வந்து நின்று சிரிக்காமல் ஜோக்கடித்துவிட்டுப் போவார். தயாரிப்பு வேலையை ஜோன் ஹாரிசனும் நார்மன் லாய்டும் பார்த்தார்கள்.

முதல் எபிசோடான 'ரிவெஞ்ச்' அவரே இயக்கியது. மனைவி வீட்டில் தனியாக இருக்கும்போது தாக்கப்படுகிறாள், அதிர்ச்சியில் உறைந்து கிடக்கிறாள். கணவன் காரில் கூட்டிப் போகும்போது தெருவில் ஒருவனைக் காட்டி "அவன்தான்" என்கிறாள். கணவன் பின்தொடர்ந்து போய் அடித்துக் கொல்கிறான். கார் அடுத்த ஊருக்குள் நுழைகிறது. அவள் வேறொருவனைக் காட்டி "அவன்தான்" என்கிறாள்.

அவள் மனநிலை சரியில்லை என்பது முதலிலிருந்தே தெரியும், யாரும் மறைக்கவில்லை. பழி வாங்குவானா, மாட்டிக்கொள்வானா என்று நாம் அலைந்துகொண்டிருந்ததால், அடையாளம் சரியா என்று கேட்கவே இல்லை. ஆஸ்பத்திரிக் கதையில் நடந்த அதே கைவரிசை, வேற்றுக் கிரகமும் பன்றி மூக்கும் இல்லாமல்.

மார்ச் 8, இரவு 11.30

தூக்கம் வரவில்லை, அதனால் ஆட்டுக்கால். ஹிட்ச்காக் தொடரின் 'லாம்ப் டு த ஸ்லாட்டர்', 1958. ஆங்கில எழுத்தாளர் ரோல்ட் டாலின் கதை. உறைந்த ஆட்டுத் தொடையால் கணவனை அடித்துக் கொன்றவள், அதையே சமைத்து, ஆயுதத்தைத் தேடி வந்த போலீஸ்காரர்களுக்குப் பரிமாறுகிறாள். இதில் நமக்கு எதுவுமே மறைக்கப்படவில்லை. போக்கு முழுக்கப் போலீசுக்குத்தான், நாம் கூட்டுக் களவாணிகள்.

குற்றவாளி தப்பித்தான் என்று தொலைக்காட்சியில் முடிக்க அன்று விடமாட்டார்கள். எனவே கதை முடிந்ததும் ஹிட்ச்காக் வந்து, அவள் இரண்டாவது கணவனையும் அதே வழியில் கொல்லப் போய் மாட்டிக்கொண்டாள் என்பார். அந்த ஆள் ஞாபக மறதிக்காரன், ஃப்ரீசருக்கு மின்சாரம் கொடுக்க மறந்துவிட்டான், கறி கொழகொழவென்று இருந்ததாம். கண்டிப்பைக் காப்பாற்றிய மாதிரியும் ஆயிற்று, கேலி செய்த மாதிரியும் ஆயிற்று. ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

மார்ச் 9, இரவு

மேலே எழுதியதைப் படிக்கும்போது தோன்றியது. எதைக் காட்டலாம், கூடாது என்று கண்டிப்புப் போடுகிற தொலைக்காட்சி, விளம்பர ஆட்கள்தான் செர்லிங்குக்கும் தொல்லை, அவர் வேறு வழியில் போனார்.

1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் கொல்லப்பட்டான், கொன்றவர்களை நீதிமன்றம் விடுவித்தது. செர்லிங் அதை மனதில் வைத்து 1956-இல் ஒரு நாடகம் எழுதினார். விளம்பரதாரர் தரப்பு குடைந்து குடைந்து, ஊரைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்தி, செத்தவன் யார் என்பதையே மழுப்பி, ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது. 1958-இல் மறுபடி முயன்றார், கதை பழைய காலத்துக்கும் மெக்சிகோக்காரனுக்கும் மாறியது. அதற்கு அடுத்த வருஷம் ட்விலைட் ஸோன். 'மான்ஸ்டர்ஸ் ஆர் டியூ ஆன் மேப்பிள் ஸ்ட்ரீட்'டில் மின்சாரம் போன ஒரு தெரு, பக்கத்து வீட்டுக்காரனைச் சந்தேகித்து இரவுக்குள் கும்பலாகிக் கொல்கிறது. வேற்றுக்கிரகத்தார் வந்துவிட்டால் விளம்பரதாரர் கண்ணுக்கு இது வெறும் கற்பனைக் கதை. போக்குக் காட்டியதில் முதல் ஏமாளி பார்வையாளன் இல்லை.

மார்ச் 11, இரவு 10

டால் கதை பற்றி வந்த கேள்விக்கு. 'பாய்சன்' என்றொரு கதை, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து வங்காளத்தில் நடப்பது. படுத்திருக்கும் ஆங்கிலேயனின் வயிற்றின் மேல், போர்வைக்குள் கட்டுவிரியன். அசையக் கூடாது. இந்திய டாக்டர் கண்டர்பாய் வந்து பாடாய்ப்பட்டு மயக்க மருந்தெல்லாம் செலுத்தி மெல்லப் போர்வையை விலக்கினால், பாம்பே இல்லை. "நிஜமாகப் பாம்பைப் பார்த்தீர்களா?" என்று டாக்டர் கேட்டதும், உயிரைக் காப்பாற்ற வந்தவரை அந்த ஆள் இனத்தைச் சொல்லிக் கேவலமாகத் திட்டுகிறான். விஷம் எங்கே இருந்தது என்று அப்போது தெரிகிறது.

ஹிட்ச்காக் 1958-இல் இதையே எடுத்தபோது முடிவை மாற்றினார்கள். பாம்பு நிஜமாகவே இருக்கிறது, கேலி செய்த நண்பனைக் கடிக்கிறது. பதற வைக்கும் முடிவுதான், கைதட்டவும் தோன்றும். ஆனால் அது வெறும் பாம்புக் கதை ஆகிவிட்டது. டாக்டருக்கு நடந்தது எங்கே? முன்பு இந்த மாற்றத்தைச் சாமர்த்தியம் என்று பாராட்டிக்கொண்டிருந்தேன். மூலத்தைப் படித்தபின் எபிசோடை மறுபடி பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 12, காலை

'மேன் ஃப்ரம் த சவுத்' பற்றிச் சொன்னவருக்கு: ஒப்புக்கொள்கிறேன். இதுவும் ஹிட்ச்காக் தொடரில் வந்த டால் கதை, லைட்டர் எரியாமல் போனால் விரலை இழக்கிற பந்தயம். லைட்டர் எரியுமா என்று ஸ்டீவ் மெக்வீன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், விடை அறைக்குள் வருகிற வேறொரு பெண்ணின் கையில் இருக்கிறது. பந்தயம் கட்டுகிறவராக வரும் பீட்டர் லோரிக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம்.

மார்ச் 15, இரவு 11

மறுபடி ட்விலைட் ஸோன். 'டைம் இனஃப் அட் லாஸ்ட்' தெரிந்த முடிவுதானே என்கிறார்கள். தெரிந்ததுதான். அணுகுண்டுக்குப் பின் ஒற்றை ஆளாக மிஞ்சிய வங்கி ஊழியர், நூலகப் படிக்கட்டில் வருஷவாரியாகப் புத்தகங்களை அடுக்குகிறார், கண்ணாடி விழுந்து உடைகிறது. பர்ஜஸ் மெரிடித்தின் தடித்த கண்ணாடியை முதல் காட்சியில் பார்த்ததுமே யாருக்கும் உள்ளூரத் தெரியும். அதைத் திருப்பம் என்று சொல்ல மாட்டேன். உடையப் போகிறது என்று தெரிந்துகொண்டே, அவர் அடுக்குவதைப் பார்ப்பதுதான் வதை. மூக்குக் கண்ணாடி இல்லாமல் பஸ் நம்பர் தெரியாதவனாகச் சொல்கிறேன்.

அரைமணியின் இறுக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான்காவது சீசன் சாட்சி. 1963-இல் ஒரு மணி நேரமாக நீட்டி 18 எபிசோட் எடுத்தார்கள். போக்குக் காட்டும் கேள்வி இருபத்தைந்து நிமிடம் தாங்கும், ஐம்பது நிமிடம் தாங்காது. நமக்குப் பொழுது இருந்தால் சும்மா இருப்போமா, இன்னொரு கேள்வியைக் கேட்டுவிடுகிறோம். ஐந்தாவது சீசனில் திரும்பவும் அரைமணிக்கே வந்துவிட்டார்கள்.

மார்ச் 16, இரவு

இழையைத் தொடங்கியவர் திரும்பி வந்து, "அப்படியானால் எதிலிருந்து ஆரம்பிக்க?" என்று கேட்டிருக்கிறார். 'ஹவ்லிங் மேன்' முதலில். இத்தனை படித்தபின் சாத்தான் யார் என்று தெரியும், பரவாயில்லை, துறவியை நம்ப முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். அப்புறம் 'ரிவெஞ்ச்'. 'இன்வேடர்ஸ்' போடும்போது கூட யாராவது இருந்தால் நல்லது, அவருக்கு முடிவு தெரிந்திருக்கக் கூடாது. கிழவி கோடாலியைத் தூக்கும்போது டிவியைப் பார்க்காமல் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள். நான்காவது சீசன் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதையைப் பார்த்தாயிற்று என்றால், ஒலியை நிறுத்திவிட்டு இன்னொரு தடவை பார்த்து எழுதுங்கள். குரல் இல்லாமல் அந்த டாக்டரை எத்தனை நேரம் மனிதனாக நம்ப முடிகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அக்கா பையனிடம் கேட்டால் பரீட்சை என்கிறான்.